ஏழை சொல் அம்பலம் ஏறுமா?



“ஏழை சொல் அம்பலம் ஏறாது” என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அம்பலம் என்பது ஊர் கூடி வழக்குத் தீர்க்கும் பொதுமன்றம். பணமும் பக்கபலமும் இல்லாதவனுடைய சொல் அந்த மன்றத்தின் படியில் ஏறுவதற்குள் கீழே விழுந்துவிடும் என்பது இப்பழமொழியின் பொருள். இதைச் சொன்னவர்கள் இதுவே நியாயம் என்று சொல்லவில்லை. உலகம் இப்படி இருக்கிறதே என்று மனம் நொந்து சொன்னார்கள். அது என்றும் அப்படியே இருக்க வேண்டுமா? ஏழையின் சொல் அம்பலம் ஏற வழி உண்டா? இந்த வினாவுக்கு விடை தேடுவதே இப்பாடத்தின் நோக்கம்.

தமிழ் வகுப்பில் கண்ணகியின் வழக்கைப் படித்திருக்கிறீர்கள். கணவனை இழந்த அவள், அயலூராளாய்த் தன்னந்தனியே பாண்டியன் அவைக்குச் சென்றாள். வாயிற்காவலன் அரசனிடம் சொல்லி அவளை உள்ளே விட்டான். அவள் மொழி மன்னனுக்குப் புரிந்தது. கையில் சிலம்பு என்னும் சான்றும் இருந்தது. அன்றே வழக்கும் முடிந்தது. ஆனால், வாயிற்காவலன் விடாதிருந்தால்? மொழி புரியாதிருந்தால்? வழக்கு இருபது ஆண்டுகள் நீண்டிருந்தால்? அப்போது கண்ணகிக்கும் துணை ஒருவர் தேவைப்பட்டிருப்பார் அன்றோ?

மூடிய கதவுகள் நான்கு

நாம் வாழும் ஓசூரை எண்ணிப் பாருங்கள். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு இந்த ஊரின் முகமே மாறிவிட்டது. ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. இன்று ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தோர் நம் அண்டை வீட்டார் ஆகியுள்ளனர்.

அவர்களுள் ஒரு தொழிலாளியின் கை இயந்திரத்தில் சிக்கிவிட்டதாக வைத்துக்கொள்வோம். அவருக்கு இழப்பீடு கிடைக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அவர் முன்னே நான்கு கதவுகள் மூடிக் கிடக்கின்றன. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை, இது முதற்கதவு. மனு எழுதும் மொழி தெரியாது, இது இரண்டாவது. கேட்டால் வேலை போய்விடுமோ என்ற அச்சம் மூன்றாவது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒருநாள் கூலியை இழக்க வேண்டும். இந்தக் காலதாமதமே நான்காவது கதவு. உரிமை இருந்தும் இந்த நான்கு கதவுகளையும் திறக்க ஆளில்லையென்றால், அந்த உரிமை பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் நகை போன்றது. அணியவும் முடியாது, அடகு வைக்கவும் முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

1948-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் ஐக்கிய நாடுகள் அவை மனித உரிமைகள் பற்றிய உலகப் பிரகடனத்தை ஏற்றது. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்பது அதன் அடிப்படைகளுள் ஒன்று. நம் அரசியலமைப்பின் 14-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. ஆயினும் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் வசதி உடையவனும் இல்லாதவனும் நீதிமன்றத்தில் எவ்வாறு சமமாக நிற்க முடியும்? இதை உணர்ந்தே 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தத்தின் வழியாக 39-அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. பொருள் வசதியின்மை காரணமாகவோ வேறு குறை காரணமாகவோ எவருக்கும் நீதி மறுக்கப்படாதவாறு அரசு இலவசச் சட்ட உதவி அளிக்க வேண்டும் என்பது அதன் கருத்து.

எழுத்தில் இருந்த இக்கருத்துக்கு உயிர் கொடுத்தவர்கள் சிலர். 1979-இல் பீகார் மாநிலச் சிறைகளில், வழக்கு விசாரணையே தொடங்காமல் பல ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்த ஏழைகளைப் பற்றிச் செய்தித்தாளில் கட்டுரை வந்தது. அதைப் படித்த கபிலா ஹிங்கோரானி என்ற பெண் வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். அதுவே ஹுசைனாரா காத்தூன் வழக்கு. விரைவான விசாரணையும், வசதியற்ற கைதிக்கு வழக்கறிஞர் துணையும் உயிர்வாழும் உரிமையின் பகுதிகளே என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. அதன் பயனாக ஆயிரக்கணக்கானோர் விடுதலை பெற்றனர். கல் குவாரிகளில் கொத்தடிமைகளாய் உழைத்தோரைப் பற்றி எழுதப்பட்ட ஒரு கடிதத்தையே மனுவாக ஏற்று விசாரித்ததும் அந்த நீதிமன்றமே. நீதிபதிகள் வி. ஆர். கிருஷ்ணய்யர், பி. என். பகவதி ஆகியோர் இவ்வழியில் முன்னோடிகள்.

பின்னர் 1987-இல் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. இன்றும் அந்நாளைத் தேசியச் சட்டப் பணிகள் நாளாகக் கொண்டாடுகிறோம்.

வாச்சாத்தி கற்பித்த பாடம்

சட்டம் இருக்கிறது. அது ஏழையின் கைக்கு எப்படி வந்து சேருகிறது? இதை விளக்க நம் அண்டை மாவட்டத்தில் நடந்த ஒரு வழக்கே போதும். கிருஷ்ணகிரி மாவட்டம் 2004-இல் தனியே பிரியும்வரை நாமும் தருமபுரி மாவட்டத்தினரே. அம்மாவட்டத்தில் அரூருக்கு அப்பால், சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள சிற்றூர் வாச்சாத்தி. அங்கே வாழ்வோர் பெரும்பாலும் மலையாளி என்னும் பழங்குடியினர்.

1992 ஜூன் 20-ஆம் நாள், சந்தனக் கட்டைக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி, வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் அவ்வூருக்குள் பெருங்கூட்டமாய் நுழைந்தனர். மக்களை ஊர் ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தனர். வீடுகள் நொறுக்கப்பட்டன. தானியமும் ஆடைகளும் பாழாயின. கால்நடைகள் கொல்லப்பட்டன. குடிநீர்க் கிணறுகளும் தப்பவில்லை. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர்; அவர்களுள் உங்கள் வயதுச் சிறுமியும் உண்டு. பெண்களும் குழந்தைகளுமாய் நூற்றுக்கும் மேற்பட்டோர் சேலம் சிறையில் அடைக்கப்பட்டனர். கொடுமைக்கு ஆளானவர்களே குற்றவாளிகளாக நிறுத்தப்பட்டனர்!

இதை எழுதக் கை நடுங்குகிறது. எனினும் மறைத்தால் பாடம் புரியாது. வழிப்பறிக் கொள்ளையன் அடித்தால் காவல் நிலையத்துக்கு ஓடலாம். காக்க வேண்டியவரே அடித்தால் எங்கே ஓடுவது? அந்தப் பெண்களுக்குப் பணம் இல்லை, படிப்பு இல்லை, ஊருக்கு வெளியே தெரிந்தவர் இல்லை. அப்படி எதுவும் நடக்கவில்லை என்றே அரசுத் தரப்பில் அப்போது மறுத்தார்கள். ஏழை சொல்லா, அதிகாரியின் சொல்லா என்றால் உலகம் எதை நம்பும்?

அவ்வேளையில்தான் துணைக்கு ஆட்கள் வந்தனர். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தைச் சேர்ந்த பெ. சண்முகமும் அவர் தோழர்களும் அடுத்த மாதமே ஊருக்குச் சென்று, காட்டில் ஒளிந்திருந்தோரிடம் நடந்ததைக் கேட்டறிந்தனர். மார்க்சிஸ்ட் கட்சித் தலைவர் ஏ. நல்லசிவன் உச்ச நீதிமன்றத்தை நாடினார். பின்னர் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. தாழ்த்தப்பட்டோர் மற்றும் பழங்குடியினர் தேசிய ஆணையத்தின் அலுவலர் பாமதி என்னும் அம்மையார் நேரில் சென்று விசாரித்து, மக்கள் சொல்வது உண்மையே என்று அறிக்கை தந்தார். அரசுப் பணியில் இருந்துகொண்டே உண்மையின் பக்கம் நின்றவர் அவர். 1995-இல் விசாரணை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. வைகை முதலான வழக்கறிஞர்கள் நெடுங்காலம் அம்மக்களுக்காக வாதாடினர்.

அதன்பின் ஆண்டுகள் உருண்டன. கூலியை விட்டு, பிள்ளைகளை விட்டு, அப்பெண்கள் நீதிமன்றத்துக்கு நடந்தனர். தங்களைத் துன்புறுத்தியவர்களின் முகத்தை நேரில் பார்த்து அடையாளம் காட்டினர். குறுக்கு விசாரணையில், சொல்லவே நா கூசும் செய்திகளைப் பலர் முன்னே மீண்டும் மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது. ஆயினும் அவர்கள் பின்வாங்கவில்லை. நற்செய்தியில், நேர்மையற்ற நடுவரிடம் சலிக்காமல் சென்று நீதி கேட்ட கைம்பெண்ணை அவர்கள் நமக்கு நினைவூட்டவில்லையா?

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி முதன்மை மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்டோர் 269 பேர். அவர்களுள் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகளே என்று நீதிமன்றம் கூறியது. 126 பேர் வனத்துறையினர், 84 பேர் காவல்துறையினர், 5 பேர் வருவாய்த்துறையினர். பாலியல் வன்கொடுமைக் குற்றத்துக்காக 17 பேர் தண்டனை பெற்றனர்.

மேல்முறையீடுகள் நடந்தன. உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் 2023-இல் தாமே வாச்சாத்திக்குச் சென்று ஊரையும் மக்களையும் பார்த்தார். அவ்வாண்டு செப்டம்பர் 29 அன்று மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தார். பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு தரவும், வேலைக்கோ சுயதொழிலுக்கோ வழி செய்யவும் ஆணையிட்டார். அப்போது மாவட்டத்தில் உயர் பதவிகளில் இருந்தவர்கள் மீது நடவடிக்கை எடுக்கவும் சொன்னார். கொடுமை நடந்து 31 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த 18 பேரில் மூவர் இத்தீர்ப்பைக் கேட்க உயிரோடு இல்லை.

மாணவியரே, இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. ஏழை சொல்லும் அம்பலம் ஏறும் என்பது ஒன்று. அது தானாக ஏறாது, கைபிடித்து ஏற்றுவோர் வேண்டும் என்பது மற்றொன்று. துணைக்கு வந்தவர்கள் அப்பெண்களுக்குப் பதிலாகப் பேசவில்லை. அப்பெண்களே பேசுமாறு அருகில் நின்றார்கள். சட்ட உதவி என்பதன் உண்மைப் பொருள் அதுவே.

எல்லைக் காடுகளில்

சந்தனக் கடத்தல்காரன் வீரப்பனைத் தேடிய காலத்தில், தமிழ்நாடு, கர்நாடகம் ஆகிய இரு மாநிலங்களின் அதிரடிப் படைகள் எல்லைக் காடுகளில் நெடுநாள் நிலைகொண்டிருந்தன. வீரப்பன் கையால் இறந்தோரும் பலர். அதே வேளை, காட்டோர மக்கள் விசாரணை என்ற பெயரில் துன்புறுத்தப்பட்டதாகவும் புகார்கள் எழுந்தன. தேசிய மனித உரிமை ஆணையம் 1999-இல் நீதிபதி சதாசிவா தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. காட்டோர மக்கள் அதன் முன் வந்து வாக்குமூலம் அளித்தனர். 2007-இல் 89 பேருக்கு மொத்தம் 2 கோடியே 80 இலட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் வழங்குமாறு ஆணையம் கூறியது. இங்கும் துணை நின்றோர் இருந்ததால்தான் அவர்களின் சொல் மன்றம் வரை எட்டியது.

ஒலிவ மரங்களின் வழக்கு

வாச்சாத்தி மக்களுக்கு எத்தனை துயர் நேர்ந்தாலும் ஒன்று இருந்தது. அவர்கள் இந்தியக் குடிமக்கள். அவர்களுக்கு வாக்கு உண்டு, அரசியலமைப்பு உண்டு, நீதிபதியும் அதே நாட்டவர். அந்தப் பிடியும் இல்லாமல், வேறொரு நாட்டுப் படையின் ஆட்சியில் தலைமுறை தலைமுறையாய் வாழும் மக்களும் உலகில் உள்ளனர். ஆண்டவர் பிறந்த பெத்லகேம் ஊரின் மக்களே அதற்குச் சான்று.

1967-ஆம் ஆண்டுப் போரில் மேற்குக் கரை, கிழக்கு எருசலேம், காசா ஆகிய பாலஸ்தீனப் பகுதிகளை இசுரேல் கைப்பற்றியது. போரில் பிடிபட்ட நிலத்தின் மக்களைப் பாதுகாக்க 1949-ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை உள்ளது. கைப்பற்றிய நாடு தன் குடிமக்களை அங்கே குடியேற்றக் கூடாது என்பதும் அதில் அடங்கும். ஆனால் குடியேற்றங்கள் பெருகின. மேற்குக் கரையில் ஒரே மலையில் வாழ்வோருக்கு இருவேறு சட்டங்கள். பாலஸ்தீனருக்கு இராணுவ நீதிமன்றம்; குடியேறிய இசுரேலியருக்கு அவர்கள் நாட்டுச் சாதாரண நீதிமன்றம். வீடு கட்டவும், வயலுக்குச் செல்லவும், குடும்பமாய்ச் சேர்ந்து வாழவும் அனுமதிச் சீட்டு வேண்டியிருக்கிறது.

இவர்களுக்குத் துணை நிற்கவே எருசலேமின் இலத்தீன் முதுபெரும் தந்தையாய் இருந்த மிஷேல் சபா 1991-இல் புனித இவோ சங்கம் என்ற சட்ட உதவி மையத்தைத் தொடங்கினார். புனித இவோ 1253 முதல் 1303 வரை பிரான்சு நாட்டின் பிரித்தானி பகுதியில் வாழ்ந்தவர். ஏழைகளுக்காகக் கட்டணமின்றி வாதாடியவர். வழக்கறிஞர்களின் பாதுகாவலராக வணங்கப்படுபவர்.

பெத்லகேமை அடுத்த பெய்ட் ஜலா என்னும் ஊரில் கிரெமிசான் என்றொரு பள்ளத்தாக்கு உண்டு. ஒலிவ மரங்களும் திராட்சைத் தோட்டங்களும் நிறைந்த அவ்விடத்தில் சலேசிய அருட்சகோதரியர் மடமும் பள்ளியும் நடத்துகின்றனர். இசுரேல் எழுப்பிவந்த பிரிவினைச் சுவர் அப்பள்ளத்தாக்கின் வழியே செல்லும் என்று 2006-இல் தெரியவந்தது. சுவர் வந்தால் விவசாயக் குடும்பங்கள் தம் நிலத்தை இழப்பர். அருட்சகோதரியர் சுவருக்கு நடுவே அகப்படுவர். அவர்கள் நீதிமன்றம் சென்றனர். புனித இவோ சங்கத்தின் வழக்கறிஞர்கள் அருட்சகோதரியருக்காக வாதாடினர்.

2015 ஏப்ரல் 2 அன்று இசுரேல் உச்ச நீதிமன்றம் சுவரின் வழியை மீண்டும் ஆராயுமாறு ஆணையிட்டது. மணிகள் ஒலித்தன, நன்றி கூறப்பட்டது என்று எழுதிக் கட்டுரையை முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் அதே ஆண்டு ஜூலையில், மடங்களின் அருகில் மட்டும் இடைவெளி விட்டு மற்றப் பகுதியில் சுவர் கட்டலாம் என்று நீதிமன்றம் இசைந்தது. ஆகஸ்டில் ஒலிவ மரங்கள் வேரோடு பெயர்க்கப்பட்டன. பள்ளி தப்பியது, பலருடைய நிலம் தப்பவில்லை.

அப்படியானால் அந்த வழக்கால் பயன் இல்லையா? உண்டு. வழக்கு நடந்த ஆண்டுகளில் சுவர் அங்கே வரவில்லை. நிலம் யாருடையது, எத்தனை தலைமுறையாய் உழப்பட்டது என்பது நீதிமன்றப் பதிவேட்டில் ஏறியது. நீதி கிடைக்காத இடத்திலும் சாட்சியம் அழியாமல் காக்கப்பட்டது. ஹேக் நகரில் உள்ள அனைத்துலக நீதிமன்றம், ஆக்கிரமித்த நிலத்தில் சுவர் கட்டுவது சட்டத்துக்கு மாறானது என்று 2004-இலும், ஆக்கிரமிப்பே சட்டத்துக்கு மாறாகத் தொடர்கிறது என்று 2024-இலும் கருத்துரை வழங்கியது. அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. எனினும் இனி எவரும் “எங்களுக்குத் தெரியாது” என்று சொல்ல முடியாது.

நம் ஊரில், நம் கையில்

மீண்டும் ஓசூருக்கு வருவோம். இலவசச் சட்ட உதவி யாருக்குக் கிடைக்கும் என்பதை ஒவ்வொரு மாணவியும் மனப்பாடமாய் அறிந்திருக்க வேண்டும். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு பின்வருவோரைக் குறிப்பிடுகிறது:

1. பெண்களும் குழந்தைகளும்.
2. தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும்.
3. ஆலைத் தொழிலாளர்.
4. மனிதக் கடத்தலுக்கும் கட்டாய வேலைக்கும் ஆளானோர்.
5. மாற்றுத்திறனாளிகள்.
6. வெள்ளம், வறட்சி, நிலநடுக்கம், தொழிற்சாலை விபத்து, சாதி வன்கொடுமை போன்றவற்றால் துயருற்றோர்.
7. காவலில் உள்ளோர்.
8. குறிப்பிட்ட வரம்புக்குக் குறைந்த வருமானம் உடையோர்.

முதல் வரியை மீண்டும் படியுங்கள். பெண் என்றாலே போதும். வருமானம் எவ்வளவு என்று கேட்பதில்லை. உங்கள் ஒவ்வொருவருக்கும், உங்கள் அன்னையருக்கும் இந்த உரிமை உண்டு. மாவட்ட அளவில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும், வட்ட அளவில் வட்டச் சட்டப் பணிகள் குழுவும் நீதிமன்ற வளாகங்களில் இயங்குகின்றன. வழக்கறிஞரை அவர்களே அமர்த்துவர். நீதிமன்றக் கட்டணத்தையும் ஏற்பர். தொலைபேசியில் 15100 என்ற எண்ணை அழைத்தும் கேட்கலாம். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181 ஆகிய எண்களும் உள்ளன. சமரசமாகத் தீரக்கூடிய வழக்குகளுக்கு மக்கள் நீதிமன்றம் எனப்படும் லோக் அதாலத் உண்டு. அங்கே தீர்ந்த வழக்குக்கு மேல்முறையீடு இல்லை. கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் கூலி கிடைக்காமல் நிற்கும் வடமாநிலத் தொழிலாளியைக் கண்டால், முன்பணம் வாங்கிய கடனுக்காகக் கல் குவாரியிலோ செங்கல் சூளையிலோ கட்டுண்டு கிடக்கும் குடும்பத்தை அறிந்தால், “நமக்கேன் வம்பு” என்று கடந்து செல்லாதீர்கள். கொத்தடிமை முறை 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அந்தக் கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. இந்த ஒரு செய்தியை அவர்கள் மொழியில் சொல்ல ஒருவர் இருந்தால் போதும், முதற்கதவு திறந்துவிடும். நம் மாணவியருள் மூன்று, நான்கு மொழி பேசத் தெரிந்தவர் எத்தனை பேர்! ஓசூர்ப் பிள்ளைகளுக்கு இறைவன் அளித்த இக்கொடையைத் தேர்வுக்கு மட்டுமா பயன்படுத்துவது?

உங்களுள் சிலர் நாளை வழக்கறிஞராகலாம். சிலர் நீதிபதியாகவும் அமரலாம். ஆனால் துணை நிற்பதற்குக் கறுப்பு அங்கி கட்டாயமில்லை. பாமதி அம்மையார் ஓர் அறிக்கையை உண்மையாக எழுதினார். அருட்சகோதரியர் பள்ளியை மூடாமல் வழக்கை நடத்தினர். வாச்சாத்திப் பெண்கள் தாங்கள் கண்டதைக் கண்டவாறு சொன்னார்கள். அவரவர் இடத்தில் அவரவர் செய்தது அவ்வளவே. அவர்களால் ஒரு பழமொழி சற்றே பொய்த்தது. அதை இன்னும் பொய்யாக்குவது நம் கையில் இருக்கிறது.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. உரிமை இருந்தும் அதைப் பெற முடியாமல் தடுக்கும் நான்கு கதவுகள் யாவை? ஐந்தாவது ஒன்று உண்டென்றால் அது எது?
2. வாச்சாத்திப் பெண்களுக்குத் துணை நின்றோர் ஒவ்வொருவரும் எந்தக் கதவைத் திறந்தனர்?
3. நீதி முழுமையாகக் கிடைக்காத வழக்கிலும் பயன் உண்டா? கிரெமிசான் வழக்கைக் கொண்டு விளக்குக.
4. இலவசச் சட்ட உதவி பெற உரியவர் யார் யார் என்பதை உங்கள் வீட்டாரிடம் இன்று மாலை சொல்லுங்கள். அவர்களுள் எத்தனை பேருக்கு இது முன்பே தெரிந்திருந்தது என்று எழுதி வருக.